ஹெரால்டின் ஹீட்டரும் ஸ்டியரிங்கும்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்குவது

என் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் குன்னூர் பக்கத்திலிருந்து வந்தது. அதனால்தான் அதில் ஹீட்டர் இருந்தது. வண்டி தண்டையார்பேட்டைக்கு வந்த முதல் வாரத்தில் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: "கழட்டிப் போட்டுடு, மெட்ராசுல இது எதுக்கு?"

நான் கழற்றவில்லை. நவம்பர் மழையில் நாலு பேர் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டால் முன்கண்ணாடி உள்பக்கம் பனித்துப் போகும். அந்தப் பனியை விரட்ட ஏசி இல்லாத வண்டியில் சூடான காற்றை விட்டால் வேறு வழி கிடையாது. இன்னொன்று, எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டி நிற்கும்போது டெம்பரேச்சர் முள் ஏறினால், ஹீட்டரை முழுக்கத் திறந்து விசிறியைப் போட்டுவிடலாம். எஞ்சின் சூட்டில் ஒரு பகுதி அந்த வழியாக வெளியேறும். நமக்கு வியர்த்துக் கொட்டும். ஆனால் எஞ்சின் தலைக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் பிழைக்கும்.

வண்டலூர் பக்கத்து ஆலையில் 1961 முதல் செய்த வண்டி இது. நாலு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே வந்தது. கடைசி ஹெரால்டுக்கே வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. எனவே ரப்பர் என்று இருக்கிற எதுவும் ஒழுங்காக இருக்காது என்ற எண்ணத்தோடு ஆரம்பியுங்கள். ஆனால் பட்டியல் போட்டுப் பாகங்களை வாங்கி வைத்துவிட்டு ஆரம்பிக்காதீர்கள். முதலில் அறிகுறி, அப்புறம் சோதனை, அதற்கு அப்புறம்தான் பாகம் வாங்கப் புதுப்பேட்டை.

ஜாக்கியில் ஏற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். கடலோரத் தெருக்களில் தரை பாதி மணல். ஜாக்கிக்கு அடியில் தடிமனான பலகை போடுங்கள். தூக்கியதும் சேசிஸுக்குக் கீழே ஸ்டாண்டு வையுங்கள். ஸ்டாண்டு வைக்குமிடத்தில் துரு தின்றிருக்கிறதா என்று முதலில் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உப்புக் காற்று தின்ற சேசிஸ் பெயிண்டுக்கு அடியில் அப்பளம் போல நொறுங்கும்.

ஹீட்டரை அணைத்தும் கால் பக்கம் சுடுகிறது

சென்னையில் ஹீட்டர் பற்றி வரும் முதல் புகார் இதுதான். எஞ்சின் நன்றாகச் சூடானதும் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பானெட்டைத் திறந்து, எஞ்சினுக்கும் உட்புறத்துக்கும் நடுவில் உள்ள தகட்டுச் சுவரில் நுழையும் இரண்டு ஹோஸ்களையும் தொட்டுப் பாருங்கள். சட்டென்று தொட்டு எடுங்கள், பிடிக்காதீர்கள். ஹீட்டர் லீவர் அணைந்த நிலையில் இரண்டும் சுட்டால், வெந்நீர் டேப் மூடவில்லை. பெரும்பாலும் டேப் கெட்டிருக்காது, அதை இழுக்கும் கேபிள்தான் துருப்பிடித்து நடுவழியில் நின்றிருக்கும். கேபிளைக் கழற்றிவிட்டு டேப்பைக் கையால் மூடிப் பாருங்கள். கையால் மூடினால் சூடு நிற்கிறது என்றால் கேபிளை மட்டும் மாற்றினால் போதும்.  கையால் மூடியும் நிற்கவில்லை என்றால் டேப்பின் உள்ளே இருக்கும் ரப்பர் போய்விட்டது. புது டேப் போடுங்கள்.

ஹோஸ் இரண்டும் ஆறியிருந்தும் கால் சுட்டால் ஹீட்டரைத் திட்ட வேண்டாம். ஹெரால்டில் கியர் பாக்ஸ் மேல் ஒரு கவர் இருக்கிறது, கழற்றி எடுக்கிற மாதிரி. அது கிழிந்தோ, ஓரத்து ரப்பர் போயோ இருந்தால் கியர் பாக்ஸ் சூடு, சைலன்சர் சூடு எல்லாம் நேராக உள்ளே வரும். அந்தச் சுவரில் ஒயர் போகும் ஓட்டைகளின் ரப்பர் வளையங்களையும் பாருங்கள். இருட்டில் எஞ்சின் பக்கம் ஒரு டார்ச் வைத்து உள்ளே உட்கார்ந்து பார்த்தால் வெளிச்சம் வருகிற இடமெல்லாம் சூடும் வருகிற இடம்.

திறந்தும் சூடு வரவில்லை

அதே இரண்டு ஹோஸ்தான் சாட்சி. டேப்பைத் திறந்துவிட்டுத் தொடுங்கள்.

இரண்டுமே வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் தெர்மோஸ்டாட்டைத் தேடுங்கள், எஞ்சின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் வால்வு அது. அநேகமாக அது இருக்காது. நம் ஊரில் எஞ்சின் ஒருமுறை சூடேறினால் போதும், தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். அது ஹீட்டருக்கு மட்டும் கெடுதல் இல்லை. எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே ஓடும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். 82 டிகிரியில் திறக்கிறது ஒன்று வாங்கி, மாட்டுவதற்கு முன் கொதிக்கும் தண்ணீரில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். தெர்மோஸ்டாட் போட்டதும் வண்டி சூடேறினால் அடைத்திருப்பது ரேடியேட்டர். அதைத்தான் சரி செய்ய வேண்டும்.

ஒரு ஹோஸ் சுட்டு, இன்னொன்று ஆறியிருந்தால் ஹீட்டர் கோருக்குள், அதாவது ஹீட்டருக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டருக்குள், தண்ணீர் ஓடவில்லை. ஒன்று காற்று அடைத்திருக்கிறது, அல்லது உப்பு அடைத்திருக்கிறது. முதலில் காற்றைப் பாருங்கள், செலவில்லாதது. எஞ்சின் முழுக்க ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, வண்டியின் முன்பக்கத்தை உயர்த்தி, ஹீட்டர் டேப்பைத் திறந்தே வைத்துத் தண்ணீர் ஊற்றி, எஞ்சினை மெதுவாக ஓடவிடுங்கள். குமிழி வருவது நிற்கும் வரை ஊற்றிக்கொண்டே இருங்கள். வடசென்னையில் மேடு என்றால் மேம்பாலம்தான், அங்கே நிறுத்த முடியாது. முன்சக்கரங்களுக்கு அடியில் பலகைகளை அடுக்கிச் சரிவு செய்து, பின்சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுங்கள்.

அதிலும் சரியாகவில்லை என்றால் இரண்டு ஹோஸையும் கழற்றி, தண்ணீர் வழக்கமாக வெளியே வரும் பக்கத்திலிருந்து உள்ளே அடித்துக் கழுவுங்கள். தோட்டத்துக் குழாயின் அழுத்தம் போதும், வாட்டர் சர்வீஸ் பம்பைக் கொண்டுபோகாதீர்கள். என் வண்டியில் முதலில் காபி நிறத்தில் வந்தது, அப்புறம் வெள்ளைச் செதில்கள். ஓட்டம் இன்னும் குறைவாகவே இருந்தால் எலுமிச்சை உப்பு கரைத்த வெந்நீரைக் கோருக்குள் ஒரு மணி நேரம் நிறுத்தி, மறுபடி நன்றாக அலசுங்கள்.

கண்ணாடியில் பிசுபிசுப்பு, இனிப்பு வாடை, ஈரமான கம்பளம்

இது மூன்றும் சேர்ந்து வந்தால் ஹீட்டர் கோர் ஓட்டை. சந்தேகம் இருந்தால் கம்பளத்துக்குக் கீழே வெள்ளை டிஷ்யூ தாளை வைத்து ஒற்றுங்கள். நிறமும் பிசுக்கும் இருந்தால் கூலண்ட். வெறும் தண்ணீர் என்றால் முன்கண்ணாடி ரப்பர் வழியே வந்த மழை. கூலண்டே ஊற்றாமல் வெறும் தண்ணீரில் ஓடிய வண்டி என்றால் இந்தச் சோதனை உதவாது. அப்போது மழை இல்லாத நாளில் ஓட்டிவிட்டுப் பாருங்கள்.

கோரைக் கழற்றும்போது பொறுமை வேண்டும். முதலில் ரேடியேட்டர் தண்ணீரை வடித்துவிடுங்கள். கோரில் எப்படியும் கொஞ்சம் தங்கியிருக்கும், கீழே தட்டும் பழைய துணியும் வையுங்கள். பழைய ஹோஸை முறுக்கிப் பிடுங்காதீர்கள். கோரின் குழாய் மெல்லிய செம்பு, ஈயப் பற்றில் நிற்கிறது. முறுக்கினால் குழாயோடு வரும். பிளேடால் ஹோஸை நீளவாக்கில் கீறி உரித்து எடுங்கள். எப்படியும் அது புதிதாகப் போட வேண்டிய ஹோஸ்தானே.

வெளியே எடுத்ததும் ஒரு குழாயை அடைத்து, இன்னொன்றில் சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்றடித்து, வாளித் தண்ணீரில் முக்குங்கள். குமிழி எங்கே வருகிறதோ அங்கே மார்க்கர் வையுங்கள். குழாய் இணையும் இடம் என்றால் ரேடியேட்டர் பட்டறையில் பற்றவைத்துவிடலாம். பழைய ரேடியேட்டரைப் பிரித்துப் பற்றுவைக்கிற கைகள் வியாசர்பாடி பக்கம் இன்னும் இருக்கின்றன. நடுவில் பல இடத்தில் குமிழி வந்தால் பற்றுவைப்பது வீண். ஒன்றை அடைத்தால் அடுத்த மாதம் இன்னொன்று. கோரையே மாற்றுங்கள். ஓட்டையை அடைக்கும் பவுடரை ரேடியேட்டரில் கொட்டவே கொட்டாதீர்கள். அது ஓட்டையோடு நல்ல வழிகளையும் அடைக்கும்.

கோர் ஏன் ஓட்டையானது என்று கேட்காமல் புதிதைப் போட்டால் அதுவும் போகும். இரண்டு காரணங்கள் நம் பக்கத்தில் அதிகம். ஒன்று, தண்ணீர். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வரைக்கும் போர் தண்ணீரில் உப்பு. அதை வருஷக்கணக்கில் ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே செதிலும் துருவும் சேரத்தான் செய்யும். மெட்ரோ வாட்டர் பரவாயில்லை, ஆனால் பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீர்தான் சரி. அதோடு பச்சை நிறப் பழைய வகைக் கூலண்ட் மூன்றில் ஒரு பங்கு. நமக்கு உறைபனிப் பயம் இல்லை, துருப் பயம்தான், அதற்கு அந்த அளவு போதும். இரண்டாவது, ரேடியேட்டர் மூடி. என் பழைய மூடியில் 7 பவுண்டு (சதுர அங்குலத்துக்கு) அழுத்தம் என்று இருந்தது. யாரோ இடையில் புதுக் காரின் மூடியைப் போட்டிருந்தார்கள், அது அதைவிட இரண்டு மடங்கு அழுத்தம் தாங்கும். மூடி தாங்கும், கோர் தாங்காது.

விசிறி சத்தம் போடுகிறது, காற்று வரவில்லை

குப்பை, மக்கிய இலை, எலிக்கூடு. ஹீட்டர் பெட்டியைத் திறந்தால் பாதிப் பிரச்சினை முடிந்தது. கறுப்புத் தூள் பறந்தால் உள்ளே இருக்கும் ஸ்பாஞ்ச் நொறுங்கியிருக்கிறது, புதிதாக வெட்டி ஒட்டுங்கள். விசிறி வேகமாகச் சுற்றியும் காற்று மந்தமாக இருந்தால் சுற்றும் திசையைப் பாருங்கள். பேட்டரியின் எர்த் பக்கத்தை யாராவது மாற்றியிருந்தால் சில மோட்டார்கள் தலைகீழாகச் சுற்றும். மோட்டாரின் இரண்டு ஒயரையும் மாற்றிக் கொடுத்தால் சரி.

ஸ்டியரிங்கில் ஆட்டம்

இங்கேதான் நான் காசை வீணாக்கினேன். ஸ்டியரிங் வீல் இரண்டு விரல் அகலம் சும்மா திரும்பியது. நேராக உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோடு போய் இரண்டு டை ராட் எண்டும் (சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனை மூட்டு) வாங்கி மாட்டினேன். ஆட்டம் அப்படியே இருந்தது.

ஹெரால்டில் இந்தச் சோதனைக்கு ஒரு வசதி இருக்கிறது. பானெட் மட்கார்டோடு சேர்ந்து முழுசாக முன்னால் சாயும். அப்படித் திறந்துவிட்டு முன்டயர் மேல் உட்கார்ந்தால் ஸ்டியரிங்கின் எல்லாப் பாகமும் கண் முன்னால் இருக்கும். என் மகளை உள்ளே உட்காரவைத்து, எஞ்சின் அணைத்த நிலையில், வீலை இடமும் வலமும் சின்னதாக ஆட்டச் சொன்னேன். நான் மேலிருந்து கீழாக ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு பக்கம் அசைந்து, மறுபக்கம் தாமதமாக அசைகிற இடம்தான் தேய்ந்த இடம்.

முதலில் ஸ்டியரிங் தண்டின் அடியில் உள்ள ரப்பர் கப்ளிங். வெடித்திருந்தால் கண்ணுக்குத் தெரியும். அடுத்து ராக், வீல் திருப்புவதைப் பக்கவாட்டு அசைவாக மாற்றும் பல் தண்டு. அது சேசிஸ் மேல் இரண்டு யூ போல்ட்டில், ரப்பருக்குள் உட்கார்ந்திருக்கிறது. டைமிங் கவர் சீலிலிருந்து எஞ்சின் ஆயில் கசிந்தால் அந்த ரப்பர் ஊறி ஜவ்வாகிவிடும். என் வண்டியில் வீலை ஆட்டியபோது ராக் முழுவதும் பக்கவாட்டில் நகர்ந்தது. டை ராட் எண்டுக்குச் செலவழித்ததில் கால்வாசிகூட ஆகவில்லை அந்த ரப்பர்களுக்கு. மாற்றும்போது ஆயில் கசிவையும் நிறுத்துங்கள், இல்லையென்றால் அடுத்த வருஷமும் இதே வேலை.

ராக் அசையவில்லை என்றால் சக்கரத்தைத் தூக்கிக் கையால் ஆட்டிப் பாருங்கள். இடம் வலமாகப் பிடித்து ஆட்டி ஆட்டம் தெரிந்தால் டை ராட் எண்டு அல்லது ராக்கின் உள் பந்து. மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டித் தெரிந்தால் உள்ளே இருப்பவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். மிதித்தும் நிற்கவில்லை என்றால் மேல் பந்து மூட்டோ, கீழே டிரன்னியன் என்ற பித்தளை மூட்டின் புஷ்ஷோ.

டை ராட் எண்டு மாற்றும்போது பழையதைத் திருகி எடுக்கும் சுற்றுகளை எண்ணிச் சுவரில் எழுதிவையுங்கள். புதியதை அதே சுற்றுக்குத் திருகினால் அலைன்மெண்ட் கடைவரை ஓட்டிக்கொண்டு போகும் அளவுக்கு நேராக இருக்கும். நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின் எப்போதும் புதிது.

ஸ்டியரிங் கனமாக இருக்கிறது, திருப்பினால் தானாகத் திரும்பி வருவதில்லை

காற்றழுத்தம் பாருங்கள். ராக்கின் ரப்பர் உறை கிழிந்து மணல் போயிருக்கிறதா பாருங்கள். இரண்டும் சரி என்றால் டிரன்னியன். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இரும்புத் துண்டின் அடிப்பகுதி மரை போட்டு, ஒரு பித்தளை டிரன்னியனுக்குள் திருகி நிற்கிறது. வீலைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை பித்தளைக்குள் சுற்றுகிறது. ஹெரால்டு 25 அடி வட்டத்தில் திரும்பும் வண்டி. நம் சந்துகளில் அது வரம், ஆனால் அவ்வளவு திருப்பமும் இந்த மரையில்தான் நடக்கிறது. இதற்குக் கிரீஸ் கூடாது. கியர் ஆயில், நம் மெக்கானிக்குகள் 90 ஆயில் என்று சொல்வது, அதுதான். கிரீஸ் மரையின் அடிவரை இறங்காமல் நடுவிலேயே கெட்டியாகிவிடும். கீழே மழைத்தண்ணீர் தங்கித் துருப்பிடிக்கும். துருப்பிடித்த மரையின் அடிப்பள்ளத்தில் விரிசல் விடும். ஒருநாள் அது ஒடியும், சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கும்.

எனக்கு வண்டியைச் சர்வீஸ் செய்து தந்த இடத்தில் எல்லா நிப்பிளிலும் கிரீஸ் அடித்திருந்தார்கள். அக்கறையோடு செய்ததுதான், தெரியாமல் செய்தது. பிரித்தபோது இடது பக்கத்து மரையில் பழுப்பு மாவு. பக்கத்து லேத் பட்டறைப் பெரியவரிடம் கொண்டுபோனேன்.

"இந்த மரையை அளந்து புதுசா கடைஞ்சு தர முடியுமா அண்ணே?"

"பித்தளை புஷ்ஷு கேளு, கடைஞ்சு தர்றேன். இந்த இரும்பைக் கேட்காத தம்பி. இது உன் உசுரு தொங்குற இரும்பு."

அவர் சொன்னது சரி. புஷ், ஸ்லீவ், வாஷர் எல்லாம் திருவொற்றியூர், தண்டையார்பேட்டை லேத்துகளில் நன்றாகவே செய்வார்கள். செங்குத்துத் துண்டை மட்டும் அச்சில் அடித்த புதிய துண்டாக இங்கிலாந்திலிருந்து வரவழையுங்கள். அங்கே இந்த வகை வண்டிகளுக்கு உதிரிபாகம் இன்னும் செய்கிறார்கள். உங்கள் வண்டியின் மாடலுக்கானதுதானா என்று பழையதை அளந்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

பிரிக்கும்போது உங்களைச் சோதிக்கப் போவது டிரன்னியனை சஸ்பென்ஷனின் கீழ்க் கையோடு பிணைக்கும் நீள போல்ட். உப்புக் காற்றில் அது ஸ்லீவோடு ஒட்டிப்போயிருக்கும். இரண்டு நாள் முன்பிருந்தே துருவை இளக்கும் எண்ணெய் விடுங்கள். சுத்தியலால் அடித்து வரவில்லை என்றால் அந்தக் கீழ்க் கையை வளைத்துவிடாமல், இருபக்கமும் இரும்பு ரம்பத்தால் அறுத்துவிடுங்கள். நான் அறுத்தேன், ஒரு பக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம். பிரேக் ஹோஸில் எடை தொங்காமல் கம்பியால் கட்டிவையுங்கள். ஷாக் அப்சார்பரைச் சுற்றிய ஸ்பிரிங்கை மட்டும் அழுத்தும் கருவி இல்லாமல் பிரிக்காதீர்கள்.

இடது, வலது மரைகள் எதிரெதிர்த் திசை. மாற்றிப் போட முடியாது. புதிய டிரன்னியனை உள்ளே ஆயில் விட்டு, அடிவரை திருகி, வீல் இருபக்கமும் முழுக்கத் திரும்ப இடம் கிடைக்கிற அளவு, ஒரு சுற்றுக்குள், பின்னால் எடுங்கள். மேல் சீலைப் புதிதாகப் போடுங்கள், தண்ணீர் நுழைவது அந்த வழியாகத்தான். நிப்பிளில் பழைய கிரீஸ் கன்னைக் கழுவி ஆயில் நிரப்பி அடியுங்கள், மேலே ஆயில் எட்டிப்பார்க்கும் வரை. நான் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஒருமுறை, பொங்கலுக்கு முன்னால் ஒருமுறை அடிக்கிறேன். தேங்கிய தண்ணீரில் சக்கரம் பாதி முழுக ஓட்டினால் அந்த வாரமே இன்னொருமுறை. கிரீஸ் கன்னில் பெயிண்டால் "ஆயில் மட்டும்" என்று எழுதி வைத்திருக்கிறேன்.

டிரன்னியன் மாற்றியும் வீல் திரும்பி வரவில்லை என்றால் ராக்கின் பல்லை அழுத்தும் மூடியில் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) குறைவாகப் போட்டு இறுக்கியிருக்கலாம். டை ராட்டுகளைக் கழற்றிவிட்டு வீலைத் திருப்பிப் பாருங்கள். அப்போதும் இறுக்கம் என்றால் ராக், லேசாகத் திரும்பினால் சக்கரப் பக்கம்.

மேடு பள்ளத்தில் வீலிலிருந்து கடகட சத்தம்

ஸ்டியரிங் தண்டின் புஷ் தேய்ந்திருக்கிறது. வீலைப் பிடித்து மேலும் கீழுமாக அழுத்தினால் தெரியும். மலிவான பாகம், ஆனால் டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுக்க வேண்டும். படுத்ததே படுத்தீர்கள், தண்டின் இரண்டு துண்டுகளைப் பிணைக்கும் கிளாம்ப் போல்ட்டையும் இறுக்கிப் பாருங்கள். அது தளர்ந்திருந்தால் வண்டியை எடுக்கவே கூடாது.

ஒரு பக்கம் இழுக்கிறது, அல்லது வேகத்தில் வீல் நடுங்குகிறது

இழுத்தால் காற்றழுத்தம், பிறகு ஒரு பக்கத்து பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இரண்டு டிரம்மின் சூட்டையும் ஒப்பிட்டாலே போதும். 60, 70ல் நடுங்கினால் வீல் பேலன்சிங். அதற்கு மேல் ஸ்டியரிங்கில் தேடுவதற்கு முன் டயரின் வயதைப் பாருங்கள். ஓடாமல் நின்ற வண்டியின் டயர் பார்க்கப் புதிதாக இருக்கும், உள்ளே வடிவம் கெட்டிருக்கும்.

எல்லாம் மாட்டியபின் அலைன்மெண்ட் பாருங்கள். கம்ப்யூட்டர் கடையில் ஹெரால்டு பட்டியலிலேயே இருக்காது. மேனுவலில் உள்ள அளவைத் தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். முதல் நூறு கிலோமீட்டர் ஓட்டியதும் ராக் யூ போல்ட், டை ராட் நட்டு, டிரன்னியன் போல்ட், ஹீட்டர் ஹோஸ் கிளாம்ப் எல்லாவற்றையும் எஞ்சின் ஆறியபின் மறுபடி ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். என் வண்டியில் இரண்டு கிளாம்ப் அரைச் சுற்று வாங்கின, ஒரு யூ போல்ட் கால் சுற்று.